விருந்தாளி அடுக்கு

ஜூலை 21, திங்கள்

வலி: பத்துக்கு ஏழு.

பிசியோதெரபி டாக்டர் தினமும் மணிக்கட்டு வலிக்கு மார்க் போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார். பத்து என்றால் அழுகை. பூஜ்யம் என்றால் கல்லூரியில் படித்த காலத்துக் கை. கூடவே அன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்று ஒரு வரியும் வேண்டுமாம். ஒரு வரியில் நிறுத்த எனக்கு எப்போது வந்திருக்கிறது? அதனால் இதை நாட்குறிப்பாகவே ஆக்கிவிட்டேன். பேனாவால் எழுதவில்லை, புதுக் கீபோர்டில் அடிக்கிறேன். கை பழக வேண்டுமே.

கீபோர்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு துண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, நடுவில் ஒரு ஒயர். தோளுக்கு நேராக விலக்கி வைத்துக்கொண்டால் மணிக்கட்டு வளையாது. எந்தப் பட்டனில் எந்த எழுத்து என்பதை நாமே முடிவு செய்து உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். அதிகம் வரும் எழுத்துகளை விரலுக்கு அடியிலேயே வைத்துவிட்டால் கை அலைய வேண்டியதில்லை.

நாச்சிமுத்து பார்த்துவிட்டு, "ஏன் மங்கை, கீழ போட்டு ஒடைச்சுட்டியா?" என்றார். என் கணவர் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். விலை கேட்டார். கேட்காத மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 23, புதன்

வலி: ஆறு.

எழுத்துகளை இடம் மாற்றியதில் கைக்கு அறிவே இல்லாமல் போய்விட்டது. கனகசபை சாருக்கு "சரிங்க சார்" என்று ஒரு பதில் அடிக்கக் காபி ஆறிப்போனது.

அவர்தான் எங்கள் மேனேஜர். நாங்கள் கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி. கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரைக்கும் யார் வீட்டுக் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பது எங்கள் சர்வரில் இருக்கிறது. அதனால் கண்டதையும் கொண்டுவந்து ஆபீஸ் மெஷினில் செருகக் கூடாது என்று விதி. சொந்தமாகப் புரோகிராம் செய்யக்கூடிய கீபோர்டு என்றதும் சார் முகத்தைச் சுளித்தார். டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டினேன். இது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் என் கை வேலைக்கு ஆகாது என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். கொஞ்சம்தான்.

"சரி மங்கை. ஆனா இதனால எது வந்தாலும் நீங்கதான் பொறுப்பு."

"நான்தான் சார் பொறுப்பு."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்த வார்த்தை.

ஜூலை 31, வியாழன்

வலி: நான்கு!

பெருமையாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்று என் கீபோர்டுக்கு விருந்தாளி அடுக்கு போட்டேன்.

விஷயம் இதுதான். இந்தக் கீபோர்டில் அடுக்கு அடுக்காக எழுத்துகளை வைக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் அடுக்கு மாறும், அதே பட்டன்கள் வேறு எழுத்துகளைத் தரும். என் சொந்த அடுக்கில் எல்லாம் என் விருப்பப்படி. ஆனால் என் சீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு எழுத்து அடித்தால் இன்னொன்று வருகிறது. கூட உட்கார்ந்து வேலை பார்க்கும் ஸ்டெல்லாவுக்குத்தான் அதிகத் தொந்தரவு. அதனால் எல்லா ஊரிலும் இருக்கிற சாதாரணக் கீபோர்டு மாதிரியே ஒரு அடுக்கு செய்து, மூலையில் ஒரு பட்டனை அதற்கு ஒதுக்கினேன். தட்டினால் விருந்தாளிக்கு, மறுபடி தட்டினால் எனக்கு.

ஸ்டெல்லா திண்டுக்கல்காரி. குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டிருந்து, போன மார்ச்சில் எங்களிடம் சேர்ந்தாள். இடைவெளி விழுந்தவர்களுக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். செப்டம்பரில் பணி உறுதி ஆக வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், அதுவும் இரண்டு மொழியில். அவள் அடிக்கும்போது விரல் எது எழுத்து எது என்று தெரியாது. ஒரு விரல் எழுவதற்குள் அடுத்தது இறங்கியிருக்கும்.

விருந்தாளி அடுக்கில் கடகடவென்று ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்காகவா பண்ணீங்க?" என்றாள்.

"பின்ன யாருக்கு?" என்றேன். நிஜமாகவே அவளுக்காகத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வலி: மூன்று.

புதுப் பித்து: காம்போ. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதாக ஒரு வேலை நடக்கும். ஒரு வாக்கியத்தையே அடிக்கவைக்கலாம். என் மெயில் கையெழுத்து, "வணக்கம் சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்", இப்படி நாலைந்து வைத்தேன்.

அதில் ராஜா ஒன்று உண்டு. டெஸ்ட் மெஷினில் நான் பொய் டேட்டா போட்டு விளையாடுவேன். குப்பை சேர்ந்ததும் மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க ஒரு நீளமான கட்டளை இருக்கிறது. ஒரு நாளில் பலமுறை அதை அடித்துத்தான் பாதி மணிக்கட்டு போனது. இப்போது இடது கையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன், ஒரே அழுத்து. அடித்துக்கொண்டிருந்த வரியை அழித்துவிட்டு, கட்டளையைத் தானே அடித்து, "நிச்சயமாகவா?" என்று மெஷின் கேட்பதற்கு இடமே வைக்காமல் என்டரும் தட்டிவிடும். என் அடுக்கில் அந்த இரண்டும் எந்தச் சொல்லிலும் சேர்ந்து வராத எழுத்துகள். தவறிப்போய் அழுத்த வழியே கிடையாது. என் விரல் மெதுவாக வருவதால், கொஞ்சம் முன்பின் ஆனாலும் சேர்ந்ததாக எடுத்துக்கொள் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன்.

நாச்சிமுத்துவிடம் காட்டினேன். "சுவிட்சுக்கு ஒரு மூடி போடு. யாராச்சும் கை வெச்சுறப் போறாங்க" என்றார். மோட்டார்காரர் புத்தி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வலி: இரண்டு. எழுத ஒன்றுமில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வலி: தெரியவில்லை. பார்க்கவில்லை.

இன்று ஆவணி இரண்டு. ஆடி முழுக்க மண்டபம் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் நேற்று வீட்டில் உட்கார்ந்து நாள் பார்த்தார்கள், இன்று காலை அட்வான்ஸ் கட்ட வந்தார்கள். வருஷத்தில் எங்கள் சர்வருக்கு இதுதான் பெரிய நாள். ஐப்பசி, கார்த்திகை, தை முகூர்த்தங்கள் எல்லாம் ஒரே காலையில் பதிவாகும்.

பொள்ளாச்சி மண்டபத்துக்காரர் போன் செய்தார். கார்த்திகை முகூர்த்தம் ஒன்று இரண்டு வீட்டுக்கு விழுந்த மாதிரி தெரிகிறது என்றார். நான் நிஜச் சர்வரைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டரிடமிருந்து அழைப்பு. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு என் சீட்டில் உட்காரவைத்து, மூலைப் பட்டனைத் தட்டி விருந்தாளிக்கு மாற்றிக் கொடுத்தேன். "அந்த புக்கிங் ஆர்டர் ரெண்டையும் தேடி வை" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அவசரம். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல. ஆர்டர்னு அடிச்சுக்கிட்டு இருந்தேன். அடிச்சது அழிஞ்சுபோயி வேற என்னமோ தானா டைப் ஆயிடுச்சு."

திரையைப் பார்த்தேன். நிஜச் சர்வரில் எல்லாம் துடைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு ஆபீஸ் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது. ஞாயிறு வரைக்கும் உள்ளதை, தினமும் ராத்திரி எடுத்துவைக்கும் பிரதியிலிருந்து மீட்டாயிற்று. இன்று காலைப் பதிவுகள் போனது போனதுதான். மண்டபத்துக்காரர்கள் ரசீதை வைத்துக்கொண்டு கத்துகிறார்கள். சிலர் நாள் காலியாகத் தெரிகிறதே என்று மத்தியானம் வேறு வீட்டுக்குக் கொடுத்தும் விட்டார்கள்.

கனகசபை சார் எல்லார் முன்னாலும் ஸ்டெல்லாவிடம், "தானா எப்படிம்மா டைப் ஆகும்?" என்று கேட்டார். அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

சீட்டில் இருந்தது ஸ்டெல்லாதான். எல்லாரும் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வலி: மூன்று.

கீபோர்டைத் தினமும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். காலையில் கிளம்பும் முன் அதைக் கொஞ்சம் ஒழுங்கு செய்தேன். காம்போக்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

பதினோரு மணிக்குச் சார் கூப்பிட்டார். "மங்கை, உங்க கீபோர்டு ஏதாச்சும் பண்ணியிருக்குமா?"

"அவ அடிச்சப்போ விருந்தாளி அடுக்குல இருந்துச்சு சார். அதுல அது சாதாரணக் கீபோர்டுதான். வேணும்னா இப்பவே அடிச்சுப் பாருங்க."

வந்து அடித்துப் பார்த்தார். சாதாரணக் கீபோர்டாகத்தான் இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்தது என்ன என்று அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சீனியர் நான்தானே. காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று எழுதினேன். எந்த மனிதர் என்று அதில் கேட்கவில்லை. அறிக்கையில் எங்கும் ஸ்டெல்லா பெயரை நான் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மண்டபங்களுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு ஒவ்வொரு பதிவையும் திரும்ப வாங்கும் வேலையை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகப் போனில் திட்டு வாங்குகிறாள். "ஆமாங்கய்யா, எங்க தப்புதாங்கய்யா" என்கிறாள். "எங்க" என்றுதான் சொல்கிறாள்.

ஆபீஸில் புதுக் கேலி ஒன்று கிளம்பியிருக்கிறது. காபி மெஷின் பட்டனைத் தட்டினால் இரண்டு கப் நிறைந்து வழிகிறது, உடனே ஒருவன், "நான் ஒண்ணும் பண்ணல, தானா டைப் ஆயிடுச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றிருந்தாள். பாட்டில் நிறைந்து கையில் வழிந்தும் குழாயை மூடவில்லை.

நானும் சிரித்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

வலி: நான்கு. கொழுக்கட்டை பிடித்ததால் இருக்கும்.

விநாயகர் சதுர்த்தி, லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாச்சிமுத்து தூங்கினார். நான் என் பழைய கீபோர்டு வடிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் முந்தையதைத் தேதி போட்டுச் சேமித்து வைப்பது என் வழக்கம். சும்மா ஒரு சந்தேகத்துக்காக, சம்பவத்தன்று இருந்த வடிவத்தை மறுபடி ஏற்றினேன்.

காம்போ என்பது எழுத்தைப் பார்ப்பதில்லை, பட்டன் இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. எந்த அடுக்கில் இருந்தாலும் அந்த இரண்டு இடங்களையும் சேர்த்து அழுத்தினால் வேலையைக் காட்டிவிடும். விருந்தாளி அடுக்கில் மட்டும் வேலை செய்யாதே என்று தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். நான் சொல்லி வைக்கவில்லை. என் அடுக்கில் சேர்ந்தே வராத எழுத்துகள் இருக்கும் அந்த இரண்டு இடங்களில், சாதாரணக் கீபோர்டில் என்ன இருக்கிறது? ஆங்கில ஈ, அதன் பக்கத்தில் ஆர். ஆர்டர், யூசர், சர்வர், நம்பர்: நாங்கள் நாளெல்லாம் அடிக்கும் சொற்களின் வாலில் எல்லாம் அவைதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

என்னைப் போல மெதுவாக அடித்தால் ஒன்றும் ஆகாது. ஒரு விரல் எழுவதற்குள் அடுத்த விரல் இறங்கும் கை வேண்டும்.

வேகமாக "ஆர்டர்" என்று அடித்தேன். மூன்றாம் முறை, அடித்தது அழிந்தது. கட்டளை தானே ஓடியது. நல்ல வேளை, வெறும் காலித் திரை.

நாச்சிமுத்து எழுந்து வந்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கிற?" என்றார். பூரணம் நெஞ்சைக் கரிக்கிறது என்றேன். சோடா வாங்கிவரப் போயிருக்கிறார், பாவம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஸ்டெல்லா ஒற்றை விரலால் அடிக்கிறாள்.

இன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலையைப் பார்க்க வேண்டி வந்தது. அவளுடைய சொந்தக் கீபோர்டு, சாதாரணக் கீபோர்டு. ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து பார்க்கிறாள், அழுத்துகிறாள், நிமிர்ந்து திரையைப் பார்க்கிறாள், மறுபடி குனிகிறாள். ஒரு வரி முடிய எனக்கு மூச்சு முட்டியது.

"என்னாச்சு ஸ்டெல்லா, கை வலியா?"

"இல்லக்கா. பாத்து அடிக்கிறேன்."

பின்னால் இருந்து ஒருவன், "ஹையரு பாஸ் பண்ண கையாம்" என்று முணுமுணுத்தான். திரும்பி முறைத்தேன். முறைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

செப்டம்பர் 2, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா என்னைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நிஜத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். தானா டைப் ஆச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்யா இருக்கும்னு நெனைக்கிறேன்."

"என்ன சொல்ற?"

"நீங்க டெஸ்ட் மெஷின்ல அந்தக் கமாண்ட அடிக்கறத தெனமும் பாத்துக்கிட்டே இருந்தேன்ல. என் கைக்கு அது பழகிப்போயி, என்னை அறியாம நானே அடிச்சிருக்கணும். வேற எப்படி ஆகும், சொல்லுங்க? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இப்ப நான் அடிச்ச மாதிரியே ஞாபகம் வருது. உங்க சீட்டு, உங்க லாகின். உங்களுக்கு எவ்வளவு கெட்ட பேரு. என்னை மன்னிச்சிருங்கக்கா."

கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை. மெதுவாகத்தான் பிடித்தாள், வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் விடு, மறந்துரு" என்றேன். மன்னித்தே விட்டேன்! அவளை, நான்.

இனி இங்கே நடிப்பதில் அர்த்தமில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது சதுர்த்தி அன்றைக்கு அல்ல. பதினெட்டாம் தேதி, அவள் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாளே, அந்தத் திரையைப் பார்த்த கணமே தெரியும். அது என் கட்டளை. அந்த வரியை அந்த வரிசையில் உலகத்தில் வேறு யாரும் அடிப்பதில்லை. மறுநாள் காலையில் நான் செய்தது ஒழுங்குபடுத்தும் வேலையும் அல்ல.

சொன்னால் கீபோர்டைப் பிடுங்கிவிடுவார்கள். பழைய கீபோர்டில் என் கை எத்தனை நாள் தாங்கும்? கை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? இதுதான் பயம். இந்தப் பயத்துக்காக அவளுடைய கையை முறித்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு வேலை போயிருமா?"

"திங்கட்கிழமை முடிவு பண்றாங்க. போயிரும்னுதான் பேசிக்கறாங்க."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிப்போடு."

"கீபோர்டைத் தூக்கச் சொல்லிருவாங்க. கை என்னாகறது?"

கையிலிருந்த கடலையை உரித்து முடித்தார். பிறகு, "உன்ற கைய நான் வேண்டாங்கல மங்கை. ஆனா அந்தப் புள்ள கை யாரோடது?" என்று கேட்டார். கடலைத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

சொல்லப் போனேன். சாருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அவசரமா மங்கை?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வலி: இரண்டு. இந்தக் கீபோர்டில் அடிக்கும் கடைசிக் குறிப்பு.

காலைக் கூட்டத்துக்கு முன்பே பழைய வடிவத்தை, பதினெட்டாம் தேதி வடிவத்தை, கீபோர்டில் ஏற்றி எடுத்துப் போனேன். கூட்ட அறைப் பெரிய திரையில் டெஸ்ட் மெஷினை இணைத்தேன். குப்பை டேட்டாதான், போனாலும் கவலையில்லை. எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று ஆபீஸ் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஸ்டெல்லா சொன்னது உண்மை சார். தானாத்தான் டைப் ஆச்சு. என் கீபோர்டு பண்ணுச்சு. மறுநாள் நீங்க வந்து பாக்கறதுக்குள்ள நான் அதை எடுத்துட்டேன்."

சார், "எங்க, காட்டுங்க" என்றார்.

விருந்தாளிக்கு மாற்றி அவர் முன்னால் வைத்தேன். "ஆர்டர்னு அடிங்க சார்." அவர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். திரையில் ஆர்டர் என்று வந்தது. அவ்வளவுதான். மறுபடி குத்தினார். மறுபடி ஆர்டர்.

"ஒண்ணும் ஆகலியே மங்கை." அவர் குரலில் ஒரு பரிவு இருந்தது. ஸ்டெல்லாவைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவனும் முயன்றான். அவனும் பார்த்துப் பார்த்து அடிக்கிறவன், அதுவும் எல்லாரும் பார்க்கும்போது இன்னும் ஜாக்கிரதையாக அடித்தான். நானே அடித்தேன். பதற்றத்தில் என் விரல் மரக்கட்டை. ஒன்றும் நடக்கவில்லை.

சாருக்குப் பொறுமை போனது. "சரி, உங்க நல்ல மனசு புரியுது..." என்று ஆரம்பித்தார்.

"ஸ்டெல்லா அடிக்கட்டும் சார்" என்றேன்.

அவள் கடைசி நாற்காலியில் இருந்தாள். தலையை ஆட்டினாள். "வேண்டாங்க்கா, எனக்குப் பயமா இருக்கு. மறுபடி ஏதாச்சும் போயிரும்."

"போகணும் ஸ்டெல்லா. போனாத்தான் நல்லது. முன்னாடி எப்படி அடிப்பியோ அப்படி அடி. கீழ பாக்காத."

வந்து உட்கார்ந்தாள். கையை வைத்தாள், எடுத்தாள். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒரு எழுத்தைத் தேடினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலையும் இறக்கினாள்.

சொல் முடியவில்லை. வரி அழிந்தது, கட்டளை மடமடவென்று வந்தது, திரை காலி ஆனது. ஒரு கணம்கூட ஆகவில்லை.

யாரோ "அட" என்றார்கள். காபி மெஷின் கேலிக்காரன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். ஸ்டெல்லா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி துடைத்தது. இன்னும் ஒரு முறை. அழுதுகொண்டே அடித்தாள், நிறுத்தவே இல்லை, அறை முழுக்க அந்தச் சத்தம்தான்.

பிறகு கையை எடுத்து என்னிடம் திரும்பினாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"மாடிப்படியில நான் மன்னிப்புக் கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும் ஸ்டெல்லா."

அவள் எழுந்து வெளியே போனாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

வலி: ஆறு. பழைய கீபோர்டு.

ஸ்டெல்லாவுக்குப் பணி உறுதி ஆகிவிட்டது. எனக்கு நிஜச் சர்வரைத் தொட அனுமதி இல்லை. அதன் சாவி எல்லாம் இனி ஸ்டெல்லாவிடம். அறிக்கையை நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன், இந்த முறை மனிதரின் பெயரோடு. கீபோர்டு இரண்டு துண்டும் வீட்டு அலமாரியில், பழைய துணியில் சுற்றி இருக்கிறது. நாச்சிமுத்து சாயங்காலம் வெந்நீர் வைத்துத் தருகிறார். விலையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்று மத்தியானம் ஸ்டெல்லா என் சீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறை. நான் எழுந்து நிற்கப் பார்த்தேன்.

"டெஸ்ட் மெஷினைத் துடைக்கணும். உங்களோடது ஏதும் இருக்கா மேடம்?"

மேடம். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

"இல்லம்மா, துடைச்சுக்க" என்றேன்.

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த நீளமான கட்டளையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கையாலேயே அடித்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து விரலும் ஓடின. கடைசியில் கொஞ்சம் நின்றது. மெஷின் "நிச்சயமாகவா?" என்று கேட்டிருக்கும். அவள் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் ஆமாம் என்று தட்டினாள்.